அப்பாவை வெளியே கொண்டுவந்த மகனுக்கு

அருள்,

போனைப் பாதியிலேயே வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. மடித்துப் பையில் போட்டாலும் மீதி எழுத்து உள்ளேயே உட்கார்ந்திருக்கும், என்றைக்காவது எடுத்துப் படித்துத்தான் ஆக வேண்டும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அங்கன்வாடியில் பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்தாகிவிட்டது. ஒன்றே ஒன்று மட்டும் தூங்காமல் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் நிமிர்ந்தால் கண்ணை மூடிக்கொள்கிறது. உன் ஜாதிதான்.

போன வருடம் கல்லறைத் திருநாளுக்கு லீவு இல்லை என்றாய். மழைக்காலத்தில் ஏசி மெக்கானிக்குக்கு அப்படி என்ன லீவே கிடைக்காத வேலை என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. வருட நினைவுப் பூசைக்கு வந்தாய். பூசை முடிந்ததும் எல்லாரும் கல்லறைக்குக் கிளம்பினோம், நீ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கோயில் வாசலோடு திரும்பிவிட்டாய். போன ஞாயிற்றுக்கிழமைதான் உண்மையைச் சொன்னாய். "அங்க வந்து நிக்க எனக்கு மூஞ்சி இல்லம்மா. ஆஸ்பத்திரியிலயே வுட்டிருந்தா அப்பா இருந்திருப்பாரு. நான்தான் தூக்கினு வந்து சாவடிச்சிட்டேன். இனிமே யாருக்காகவும் எந்த முடிவும் நான் எடுக்க மாட்டேன்" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். ஒரு வருடத்துக்கு மேலாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு எத்தனை வீட்டு மாடியில் ஏணி போட்டு ஏறினாயோ என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. கூடவே கோபமும் வருகிறது. பெற்றவள் நான் ஒருத்தி இங்கே இருக்கிறேன், என்னிடம் கேட்கலாம் அல்லவா?

நீ செய்தது என்ன என்று நான் பார்த்தபடி சொல்கிறேன். அதற்கு முதலில் உன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாத அப்பாவா என்று கேட்பாய். உனக்குத் தெரிந்தவர் அப்பா. நான் சொல்லப்போவது என் வீட்டுக்காரரை.

நான் பிறந்தது பிரம்மதேசம் பக்கம் என்று உனக்குத் தெரியும். நெல்லும் மல்லாட்டையும் போடுகிற வீடு. மேகம் திரண்டு வந்தால் எங்கள் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், கல்யாண வீட்டுக்காரர் போல இருப்பார். எங்கள் ஊரில் "வானம் நல்லாருக்குது" என்று ஒருவர் சொன்னால், கருத்துக்கொண்டு நிற்கிறது, இன்றைக்கு மழை உண்டு என்று அர்த்தம். அந்தப் பேச்சோடுதான் நான் மரக்காணத்துக்கு வாழ வந்தேன். உன் அப்பா அந்த வருடம் கூலி வேலையோடு கொஞ்சம் உப்புப் பாத்தியும் குத்தகைக்கு எடுத்திருந்தார். நல்ல வெயில் காலம், வாரிக் குவித்த உப்பு கரையில் கிடந்தது. அவருக்குக் கடும் காய்ச்சல். வீட்டுக்குள் படுத்துப் பார்த்தறியாத மனிதர், அன்றைக்கு உள்ளே சுருண்டு கிடந்தார். கண்ணைத் திறக்காமலே "வானம் எப்பிடி இருக்குது?" என்று கேட்டார். நான் வெளியே போய்ப் பார்த்தேன். மேற்கே மை பூசினது மாதிரி கட்டியிருந்தது. எனக்கானால் பிறந்த வீட்டு ஞாபகம் வந்து மனசெல்லாம் குளிர்ந்துபோயிற்று. உள்ளே வந்து சந்தோஷமாகச் சொன்னேன்: "ரொம்ப நல்லாருக்குதுங்க." அவர் நிம்மதியாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். உப்பளத்துக்காரர்களுக்கு வானம் நல்லா இருக்கிறது என்றால் ஒரு பொட்டு மேகம் இல்லை என்று அர்த்தம் என எனக்கு யார் சொன்னார்கள்?

ஓட்டில் சடசடவென்று விழுந்த பிறகுதான் எழுந்தார். காய்ச்சலோடு ஓடினார், நானும் பின்னாலேயே ஓடினேன். கீற்று எடுத்துப் போட்டு மூடுவதற்குள் பாதிக் குவியல் கரைந்து ஓடிவிட்டது. நனைந்துகொண்டு வரப்பில் நின்று என்னைப் பார்த்தார். இன்றைக்கு நமக்கு அடிதான் என்று நினைத்தேன். "நல்லாருக்குதுன்னு சொன்னியே?" என்றார். "எங்க ஊர்ல இதான் நல்லாருக்கறது" என்றேன். கரைந்த குவியலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் வீடு வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார். "ஒங்கப்பா மழை கேட்டு மண்டி போடறாரு, நான் வெயில் கேட்டு மண்டி போடறேன். மேல இருக்கறவரு எந்தக் காதுல வாங்குவாரு பாவம்" என்றார். இந்தக் கதையை உறவுக்காரர் கல்யாணத்தில் எல்லாம் சொல்லிச் சொல்லி என் மானத்தை வாங்கினார் என்பது உனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த வரப்பில் அவர் சிரித்த சிரிப்பில்தான் எனக்கு இந்த ஊர் என் ஊராயிற்று. அதற்கு நான் அவருக்கு வாயால் நன்றி சொன்னதில்லை. புருஷனுக்கு யார் நன்றி சொல்கிறார்கள்?

உழைப்பைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடியும் முன்னே போய், வெயில் ஏறும் முன்னே வாரி முடித்து, வந்து கஞ்சி குடித்துவிட்டு, யார் வீட்டு வேலி பிரிந்திருக்கிறது, யார் வீட்டுத் தென்னைக்குப் பாத்தி கட்ட வேண்டும் என்று போய்விடுவார். மழைக்காலத்தில் உப்பளம் முழுக்கத் தண்ணீராக நிற்கும், எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். இவர் அனுமந்தைக்குப் போய் வலை இழுப்பார், இல்லாவிட்டால் எங்கள் ஊருக்குப் போய் நாற்று நடுகிறவர்களோடு இறங்கிவிடுவார். இத்தனையும் நமக்காகத்தான் செய்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் பாதி நமக்காக, பாதி கூரைக்கு வெளியே இருப்பதற்காக என்று நான் ரகசியமாக நினைப்பதுண்டு. கோயிலில் பூசை நேரத்தில்கூட வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில்தான் நிற்பார். உள்ளே வாருமய்யா என்று சாமியார் கூப்பிட்டதற்கு, "ஆண்டவர் இங்க வரைக்கும் தெரியறாரு சாமி" என்றார்.

நாற்காலிக் கதையை உன்னிடம் முழுதாகச் சொன்னேனா தெரியவில்லை. முழங்கால் வலி வந்த வருடம், முதலாளி நல்ல மனசோடு அவரை ஆபீஸ் கொட்டகையில் உட்கார்ந்து லாரி போக வரப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மேலே ஃபேன், கீழே நாற்காலி, அதே சம்பளம். மாட்டேன் என்றார். நான் இரண்டு நாள் பேசாமல் இருந்து சம்மதிக்க வைத்தேன். ஒரு வாரம் ஆகியிருக்காது, முதலாளி வந்து பார்த்தால் ஆபீஸில் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நாற்காலி தூரத்தில் வரப்பு மேல் கிடக்கிறது, இவர் பாத்திக்குள் இறங்கி நின்று யாருக்கோ மடை திறந்துவிட்டுக்கொண்டிருக்கிறார். "ஏம்பா, ஆபீஸ் எங்கப்பா?" என்று முதலாளி கேட்க, "வெளிய காத்தாட எடுத்துனு வந்தேங்க" என்று நாற்காலியைக் காட்டியிருக்கிறார். அதோடு முதலாளியும் விட்டுவிட்டார், நானும் விட்டுவிட்டேன். சில பேரைத் திருத்தப் பார்ப்பதைவிட அவர்களுக்குச் சோறு ஆக்கிப் போடுவது சுலபம். நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆனால் இதை நினைவில் வைத்துக்கொள், உன் பெண்டாட்டிக்கும் நான் இதைச் சொல்லிவைப்பேன்.

உன்னையும் அவர் விட்டதில்லை. டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தபோது உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கழுவெளி ஏரிக்குப் போனார், பூநாரை வந்து இறங்கியிருக்கிறது என்று. நீ போகிற வழியெல்லாம் அழுதாய். "மேட்ச்ச நாளைக்கும் போடுவான்டா. இதுங்க நாளைக்கு இருக்குமான்னு இதுங்களுக்கே தெரியாது" என்றாராம். நீ சேற்றில் உட்கார்ந்து வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று வந்து சொல்லிச் சிரித்தார். "ஆனா ஓரக்கண்ணால பாத்துக்கினேதான் இருந்தான்" என்றும் சொன்னார்.

பிறகு நீ ஏசி வேலை கற்றுக்கொண்டாய். வெளியே வாழ்கிற மனிதனுக்கு ஊரையே உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துகிற பிள்ளை. அதை அவர் குறையாகச் சொன்னதே இல்லை. ஒரு சித்திரையில் நீ எங்கிருந்தோ ஒரு பழைய ஏசியைக் கொண்டுவந்து, சுவரைத் துளைத்து, இரண்டு நாள் பாடுபட்டு நம் அறையில் மாட்டினாய். அன்றிரவு உன் அப்பா உள்ளேதான் படுத்தார். சட்டை போட்டு, போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தார். "எப்பிடிப்பா இருக்குது?" என்று நீ கேட்டாய். "மார்கழி மாரி இருக்குதுப்பா" என்றார். நீ பூரித்துப்போனாய். நீ சென்னைக்கு பஸ் ஏறிய அன்றே கட்டில் வாசலுக்குப் போய்விட்டது, இன்றுவரை நான் உன்னிடம் சொல்லவில்லை. ஆனால் உப்பளத்தில் ஒருவர் பாக்கி இல்லாமல் "எம்மவன் ஏசி போட்டு குடுத்துருக்கான்" என்று சொல்லிவிட்டு வந்தார். நீ ஊருக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் கட்டிலை உள்ளே எடுத்துப் போட்டார். அந்த ஏசியை அனுபவித்தது நான்தான், அதற்கு உனக்கு நன்றி.

இப்போது ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோதே தாமதமாகிவிட்டது. பாண்டிச்சேரியில் நல்லபடியாகத்தான் பார்த்தார்கள், யார் மேலும் குறை சொல்ல முடியாது. அவருக்குக் கிடைத்த கட்டில் நடுவார்டில் இருந்தது, ஜன்னல் பக்கம் இல்லை. வலி என்று அவர் ஒரு நாளும் புலம்பவில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றும் கேட்கவில்லை. அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கிற ஆள் இல்லை அவர். வருகிற போகிறவர்களிடம் "வானம் எப்பிடி இருக்குது?" என்று மட்டும் கேட்டார். நர்ஸ் பெண் கேட்டுக்கொண்டே ஊசி போட்டுவிட்டுப் போகும். உன் பெரியப்பா, "அதெல்லாம் இப்ப எதுக்குடா, பேசாம படு" என்பார். நீயும் முதல் நாள் "நல்லாருக்குதுப்பா" என்றுதான் சொன்னாய். அவர் உன்னை உற்றுப் பார்த்துவிட்டு, "ஒங்கம்மா ஊரு நல்லாவா, நம்ம ஊரு நல்லாவா?" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போனாய்.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. எடுத்தால் வீடியோவில் நீ. ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் ஏறி நின்றிருந்தாய். "அம்மா, போன அப்பாகிட்ட காட்டு" என்றாய். நான் அவர் முகத்துக்கு எதிரே பிடித்தேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கெழக்க காட்டு" என்றார். நீ திருப்பினாய். "மேக்கால காட்டு. அது இன்னா, அங்க வெள்ளையா? கொஞ்சம் ஏத்திப் புடி" என்றார். காற்று எந்தப் பக்கம் என்று கேட்டார். நீ கைக்குட்டையை எடுத்துத் தூக்கிப் பிடித்தாய், அது பறக்கிற பக்கத்தைக் காட்டினாய். அதன் பிறகு தினமும் காலையிலும் சாயங்காலமும் நீ மாடிக்குப் போனாய். பக்கத்துக் கட்டில்காரர்கூடத் தலையை நீட்டிப் பார்ப்பார். எத்தனையோ பிள்ளைகள் அந்த வார்டுக்குப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். உன்னைப் போல வானத்தை எடுத்துக்கொண்டு வந்த பிள்ளையை நான் பார்க்கவில்லை.

பிறகு டாக்டர் நம்மைக் கூப்பிட்டுப் பேசினார். இனி குணமாக்குகிற வைத்தியம் இல்லை, இங்கேயே இருந்தால் குழாய் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், கொஞ்ச நாள் கூடலாம், கூடாமலும் போகலாம் என்றார். பெரியப்பா இங்கேயே இருக்கட்டும் என்றார். நான் உன் முகத்தைப் பார்த்தேன். "அப்பாவ வெளிய கொண்டுபோலாம்மா" என்றாய். வீட்டுக்கு என்றுகூட நீ சொல்லவில்லை, வெளியே என்று சொன்னாய். கையெழுத்துப் போட்டாய். வலி மாத்திரை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று நர்ஸிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டாய். ஆம்புலன்ஸில் ஏறியதும் டிரைவரிடம் நீ சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "அண்ணே, ஏசிய நிறுத்திட்டு கண்ணாடிய எறக்குங்கண்ணே." உப்புக்காற்று உள்ளே வந்தபோது அவர் மூக்கை விரித்து இழுத்துக்கொண்டார். அனுமந்தை வந்துவிட்டது என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

வாசலில் கட்டில் போட்டோம். அந்த நாட்களில் அவர் பேசியது கொஞ்சம்தான், ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தார். உப்பளத்தில் இருந்து ஆட்கள் வேலை முடித்துத் தலையில் துண்டோடு வந்து கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். மாத்திரையை நேரம் தவறாமல் நீதான் கொடுத்தாய். வாய் காய்ந்தால் பஞ்சில் தண்ணீர் தொட்டு வைத்தாய். கடைசிக்கு முதல் நாள் சாயங்காலம் மேற்கே கட்டிக்கொண்டு வந்தது. நீ ஓடிவந்து கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தாய். "இரு" என்றார். "அளத்துல மூடுனாங்களா?" என்றார். அவருடைய உப்பு ஒரு மணிகூட அங்கே இல்லை அந்த வருடம். நீ போன் போட்டுக் கேட்டு, "எல்லாம் மூடிட்டாங்களாம்ப்பா" என்றாய். அப்புறம்தான் தலையைச் சாய்த்தார். முதல் தூறல் நெற்றியில் விழுந்தது. நீ குடையைப் பிடித்தாய், அவர் கையால் மெதுவாகத் தள்ளிவிட்டார். என் பக்கம் திரும்பி, அங்கன்வாடி வேலை கிடைத்த நாளில் இருந்து என்னைக் கூப்பிடுகிற அந்தப் பெயரைச் சொல்லி, "டீச்சரே, வானம் நல்லாருக்குது" என்றார்.

எங்கள் ஊர் நல்லாவைச் சொன்னார் அருள். வாழ்நாள் பூராவும் மழைக்குப் பயந்து ஓடிய மனிதர், ஒரு தடவையாவது மழையை மழையாகப் பார்த்துவிட்டுப் போனார். அதை எனக்குச் சொல்லிவிட்டும் போனார். நடுவார்டில் அது நடந்திருக்காது.

ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் இன்னும் சில நாள் இருந்திருப்பாரா என்று கேட்டால், இருந்திருக்கலாம். நான் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சில நாளையும் மேலே இருக்கிற டியூப்லைட்டைப் பார்த்துக்கொண்டு, போகிறவரிடம் எல்லாம் வானத்தை விசாரித்துக்கொண்டு கழித்திருப்பார். நாள் கணக்கில் எனக்கும் ஆசைதான், யாருக்கு இல்லை? அந்தத் தூறலைக் கொடுத்துவிட்டு அந்த நாட்களை வாங்கிக்கொள் என்றால் நான் வாங்க மாட்டேன். அவரும் வாங்க மாட்டார். இதை ஒரு வருடம் முன்பே உன்னிடம் சொல்லியிருப்பேன், ஆனால் நீ முகம் வாடியிருந்ததை அப்பா போன துக்கம் என்று நினைத்துவிட்டேன்.

சாவு வீட்டில் உன் பெரியப்பா சொன்னதுதான் உன்னைத் தைத்தது என்று எனக்குத் தெரியும். "ஆஸ்பத்திரியில இருந்திருந்தா பொழைச்சிருப்பான், இவன் அவசரப்பட்டு தூக்கினு வந்துட்டான்" என்று எல்லார் எதிரிலும் சொன்னார். கூடப் பிறந்தவன் போன துக்கத்தில் யாரையாவது திட்ட வேண்டியிருந்தது, எதிரில் நீ நின்றாய். நீ போனை வைத்த மறுநாள் நான் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். "மாமா, நீங்க சொன்னத அந்தப் புள்ள இன்னும் வெச்சினு அழுவுது" என்றேன். அவருக்கு முதலில் புரியவேயில்லை. "நானா? அப்பிடியா சொன்னேன்?" என்றார். பிறகு கண் கலங்கி, "நான் என்னா படிச்சவனாம்மா, ஏதோ வாயில வந்துட்டுது. அவன வரச் சொல்லு" என்றார். பார்த்தாயா, சொன்னவர் மறந்துவிட்டார், நீ மாத்திரம் பாடம் செய்து வைத்திருக்கிறாய். முடிவு எடுத்தவன் பக்கம்தான் பேச்சு வரும். சும்மா நின்றவனை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பயந்து இனி எதையும் முடிவு செய்ய மாட்டேன் என்கிறாயே, அது உன் அப்பா வளர்த்த பிள்ளை பேசுகிற பேச்சு இல்லை.

கல்லறைக்குச் சுண்ணாம்பு வாங்கி ஊறவைத்துவிட்டேன். முதல் நாளே வந்துவிடு, பெரியப்பாவும் நீயும் சேர்ந்து அடியுங்கள். மறுநாள் சென்னைக்குத் திரும்பலாம் என்று டிக்கெட் எதுவும் போட்டுவிடாதே. எனக்கு இடது கண்ணில் புரை முற்றிவிட்டது, கல்லறைத் திருநாளுக்கு அடுத்த நாள் ஆபரேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கடிதத்தின் கோணல் எழுத்துக்கு அதுதான் காரணம். கூட யார் வருவாங்க, கையெழுத்து யார் போடுவாங்க என்று அங்கே உட்கார்ந்திருந்த பெண் கேட்டது. எம்மவன் என்றேன். பேர் என்ன என்றது. அருள் என்று சொல்லி, உன் போன் நம்பரையும் கொடுத்துவிட்டேன்.

இது வெறும் கண், அரைமணி நேர வேலை. பின்னால் பெரிதாகவும் ஒரு நாள் வரும், வராமல் இருக்காது. அன்றைக்கும் டாக்டர் உன்னைத்தான் கூப்பிட்டுப் பேசுவார். அப்போது உன் அப்பாவை நினைத்துக்கொண்டு என்னைத் தூக்கி வாசலில் போட்டுவிடாதே, எனக்குப் பனி ஆகாது. எனக்கு நாலு சுவர் வேண்டும், கதவைச் சாத்தி ஏசி போட்டிருக்க வேண்டும், பக்கத்தில் நீ இருக்க வேண்டும். யார் என்ன சொன்னாலும் காதில் வாங்காமல் கையெழுத்தைப் போடு.

அம்மா